மதியம் 12.50 முதல் 3.25 வரை: டியூட்டி மாறும் நேரத்தில் சிக்கிய ஓர் இடமாற்றம்

அவசரப் பிரிவில் இருக்கும் நோயாளியை நான்காம் மாடி வார்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க, லிஃப்டுக்குக் காத்திருப்பதையும் சேர்த்து, இருபது நிமிடம் தாராளம். அட்மிஷன் முடிவான பிறகும் அவர் வார்டுக் கட்டிலில் படுக்க இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்றால், மீதி நேரம் எங்கே போனது என்று யாராவது உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. "ஓவர் போயிட்டிருந்துச்சு" என்ற பதிலோடு விஷயம் முடிந்துவிடும். ஓவர் என்றால், டியூட்டி முடிக்கிறவர் அடுத்து வருகிறவரிடம் நோயாளிகளின் விவரத்தை ஒப்படைப்பது.

இங்கே அந்தக் கணக்கைப் பார்க்கிறோம். எடுத்துக்கொண்டது எந்த ஒரு மருத்துவமனையின் பதிவேடும் அல்ல. தமிழ்நாட்டு நகரம் ஒன்றில் இருக்கக்கூடிய சுமார் 200 படுக்கைத் தனியார் மருத்துவமனையில் வழக்கமாக நடப்பதைக் கோத்து அமைத்த மாதிரி நிகழ்வு இது. நேரங்கள் மாதிரிக்காக வைத்தவை. காரணங்கள் வார்டில் வேலை பார்த்த எவருக்கும் தெரிந்தவைதான்.

நிகழ்வு

நோயாளிக்கு 64 வயது. சர்க்கரை உண்டு. நிமோனியாவோடு காலை 8.40க்கு வந்தார். மூக்குக் குழாய் வழியே நிமிடத்துக்கு 4 லிட்டர் ஆக்ஸிஜன், ரத்தத்தில் ஆக்ஸிஜன் செறிவு 94 சதவீதம். மூச்சு நிமிடத்துக்கு 22. 9.15க்கு பிப்பராசிலின்-டாசோபாக்டம் என்ற ஆன்டிபயாடிக் 4.5 கிராம் முதல் டோஸ் போட்டார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை என்பதால் அடுத்த டோஸ் மதியம் 3.15. நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல், நினைவு நான்கும் சரியாக இருக்கின்றன. நோயாளி மோசமாவதை முன்கூட்டியே காட்டும், லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரியின் நியூஸ்-2 அட்டவணைப்படி கூட்டினால் மதிப்பெண் 5: ஆக்ஸிஜனில் இருப்பதற்கு 2, மூச்சு வேகத்துக்கு 2, செறிவுக்கு 1. ஐந்து வந்தாலே மணிக்கு ஒரு முறையாவது பார்த்துக் குறிக்க வேண்டும் என்பது அந்த அட்டவணையின் விதி.

இந்த மருத்துவமனையில் நர்ஸ், டியூட்டி டாக்டர், வார்டு பாய், ஹவுஸ்கீப்பிங், லிஃப்ட் ஆபரேட்டர் எல்லோருக்கும் டியூட்டி 8 முதல் 2, 2 முதல் 8, இரவு 8 முதல் காலை 8.

12.50: பொது மருத்துவர் ஓ.பி. முடித்து வந்து பார்த்தார். வார்டு அட்மிஷன் எழுதினார்.

1.10: அட்மிஷன் கவுண்டர் 412ஆம் படுக்கையை ஒதுக்கியது. அதிலிருந்தவர் டிஸ்சார்ஜ், இன்ஷூரன்ஸ் அப்ரூவலுக்குக் காத்திருந்தார்.

1.25: அப்ரூவல் வந்து அவர் கிளம்பிவிட்டார். கட்டில் காலி. கம்ப்யூட்டரில் இன்னும் 'ஆள் உண்டு' என்றே காட்டுகிறது.

1.35: அவசரப் பிரிவு சிஸ்டர் வார்டுக்கு போன் செய்து நோயாளி விவரம் சொன்னார். "ஓவர் முடிஞ்சதும் கூப்பிடுறோம் சிஸ்டர், பெட் ரெடியாகல" என்று பதில்.

1.45: ஹவுஸ்கீப்பிங்குக்குத் தகவல் போனது. காலை டியூட்டிக்காரர் பக்கெட்டைக் கழுவி வைத்துவிட்டார். அடுத்து வருபவர் பார்ப்பார்.

2.00 – 2.35: இரண்டு பக்கமும் ஓவர். அவசரப் பிரிவிலும் சிஸ்டர் மாறிவிட்டார்.

2.20: 412ஐச் சுத்தம் செய்ய ஆரம்பித்து 2.45க்கு முடித்தார்கள்.

2.30: புது அவசரப் பிரிவு சிஸ்டர் வார்டைக் கூப்பிட்டார். எடுத்தவருக்கு அப்படி ஒரு நோயாளி வருவதே தெரியாது. 1.35க்கு விவரம் கேட்டவர் வீட்டுக்குப் போய்விட்டார். முழு விவரமும் மறுபடியும், இம்முறை கேஸ் ஷீட்டைப் பார்த்து.

2.45 – 3.05: வார்டு பாய் இருவரில் ஒருவர் ஸ்கேன் அறையில். மற்றவர் வந்ததும் ஸ்ட்ரெச்சர் சிலிண்டரில் முள் 30இல் நிற்பதைப் பார்த்துவிட்டு வேறு சிலிண்டர் தேடப் போனார்.

3.05க்குப் புறப்பட்டு, 3.25க்கு வார்டில் சேர்ந்து, நாடி, மூச்சு, செறிவு பார்த்தார்கள்.

மருந்து? 3.15 டோஸை அவசரப் பிரிவு போடவில்லை, நோயாளி 'கிளம்பிவிட்டவர்' என்பதால். வார்டு இன்டென்ட் (மருந்து கேட்கும் சீட்டு) போட்டு, பார்மசியிலிருந்து வந்து, கலந்து ஏற்றியபோது மணி 4.50.

கணக்கு

155 நிமிடத்தைப் பிரித்தால் இப்படி வருகிறது. பழைய நோயாளி கிளம்ப 35, காலியான அழுக்குக் கட்டில் சும்மா கிடந்தது 55, சுத்தம் 25, ஆளும் சிலிண்டரும் தேடியது 20, பயணமும் ஏற்பும் 20.

இதில் யாராவது கை வைத்து வேலை செய்த நேரம் 45 நிமிடம். மீதி 110 காத்திருப்பு. அந்த 110இலும் டிஸ்சார்ஜ் தாமதமான 35ஐக் கழித்தால், மிஞ்சும் 75 நிமிடத்தில் பெரும்பகுதி டியூட்டி மாற்றத்தின் தலையில்தான் விழுகிறது. 'ஓவர்' என்று எல்லோரும் கை காட்டும் 35 நிமிடம் இந்தக் கூட்டலில் தனி வரியாக வரவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஓவர் நடந்த நேரம் முழுக்க அந்தக் கட்டில் அழுக்காகக் கிடந்தது, இல்லையென்றால் சுத்தமாகிக்கொண்டிருந்தது. ஓவர் ஐந்தே நிமிடத்தில் முடிந்திருந்தாலும் நோயாளி ஒரு நிமிடம்கூட முன்னதாகப் போயிருக்க மாட்டார்.

இது முக்கியம், ஏனென்றால் தாமதம் என்றதும் நிர்வாகம் முதலில் செய்வது ஓவர் பற்றி வகுப்பு எடுப்பது. வகுப்பு வேண்டாதது அல்ல. 2014இல் வெளியான ஐ-பாஸ் ஆய்வு, ஒன்பது மருத்துவமனைகளில் இளம் மருத்துவர்கள் ஓவர் கொடுக்கும் முறையைச் சீராக்கியபோது மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. ஓவர் எடுக்கும் நேரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை, ஃபெராரி கார்ப் பந்தயக் குழுவிடம் பாடம் கேட்டு, இதய அறுவை முடிந்த குழந்தையைத் தியேட்டரிலிருந்து ஐ.சி.யூ.வில் ஒப்படைக்கும் முறையை மாற்றியமைத்த கதை பலருக்குத் தெரியும். 2007இல் வந்த அந்த ஆய்விலும் தவறுகளும் விட்டுப்போன தகவல்களும் நன்றாகவே குறைந்தன. நேரம்? சராசரி 10.8 நிமிடத்திலிருந்து 9.4க்கு வந்தது. நல்ல ஓவர் நோயாளியைப் பாதுகாக்கும். படுக்கையைச் சீக்கிரம் கொடுக்காது. இரண்டையும் ஒரே மருந்தால் தீர்க்கப் பார்ப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கிறது.

ஏன் 2 மணி?

டிஸ்சார்ஜ் எழுதும் வேளையைப் பார்த்தால் புரியும். ரவுண்ட்ஸ் 9.30க்கு ஆரம்பித்து 10.30, 11 வரை. சம்மரி தட்டச்சாகி, மிச்ச மருந்து பார்மசிக்குத் திரும்பிப் போய், பில் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குப் போக 11.30. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே 29 சுற்றறிக்கையில், டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும் என்றது. முன்பு மாலை வரை இழுத்த இடங்களில் இது நல்ல முன்னேற்றம். ஆனால் 11.30க்கு மூன்றைக் கூட்டினால் 2.30. அதாவது விதிப்படி நடந்தாலே படுக்கைகள் காலியாவது சரியாக டியூட்டி மாறும் வேளையில். மறுமுனையில், காலை அவசரப் பிரிவுக்கு வந்தவர்களை நிபுணர்கள் ஓ.பி. முடித்து வந்து பார்ப்பதும் ஒரு மணிக்குத்தான். படுக்கை கேட்பவர்கள் கூட்டமும் படுக்கை விடுபவர்கள் கூட்டமும் ஒரே வாசலில் மோதும்போது, வாசல்காரர்கள் மொத்தமாக டியூட்டி மாறுகிறார்கள்.

மாற்றமும் 2 மணிக்குத் தொடங்குவதில்லை. 1.15க்கே தொடங்கிவிடுகிறது. குடித்த, கழித்த அளவுகளைக் கூட்டி எழுத வேண்டும், போதை மருந்து ரிஜிஸ்டரை எண்ணிச் சரிபார்க்க வேண்டும், அவசர மருந்து ட்ராலியைப் பார்த்து கையெழுத்திட வேண்டும், விட்டுப்போன சார்ட்டுகளை நிரப்ப வேண்டும். அந்த நேரத்தில் புது அட்மிஷன் ஒன்றை ஏற்றால் என்ன ஆகும்? முதல் மதிப்பீட்டுப் படிவம், விழும் அபாய மதிப்பெண், படுக்கைப் புண் மதிப்பெண், வலி மதிப்பெண், ஒவ்வாமை, கைப்பட்டை, மருந்து சார்ட், இன்டென்ட், உணவுக் குறிப்பு என்று முப்பது, நாற்பது நிமிட எழுத்து வேலை. 1.40க்கு நோயாளியை ஏற்ற சிஸ்டர் 2.30க்குத்தான் கிளம்புவார். அந்த அரை மணிக்குக் காசு கிடையாது, ஹாஸ்டல் வேனும் போயிருக்கும்.

ஆக, "பெட் ரெடியாகல" என்பது சோம்பல் அல்ல. காலியான கட்டிலைக் காலி என்று கம்ப்யூட்டரில் காட்டாமல் வைப்பதும் சதி அல்ல. அந்த இடத்தில் யார் உட்கார்ந்தாலும் அதைத்தான் செய்வார்கள். மெமோ கொடுத்துப் பார்த்த நிர்வாகங்களுக்குக் கிடைத்தது, கட்டில் காலியாவதையே பத்து நிமிடம் தாமதமாக்கும் புதுத் திறமைதான்.

உண்மையான சேதம்

தாமதத்தைப் பலரும் நோயாளி வீட்டாரின் சண்டையாகவே அளக்கிறார்கள். இந்த நிகழ்வில் சண்டை எதுவும் இல்லை. நடந்தவை இரண்டு.

கடைசியாக 1.00 மணிக்கு மூச்சும் செறிவும் பார்த்துக் குறித்திருந்தார்கள். அடுத்த குறிப்பு 3.25. மணிக்கு ஒரு முறை பார்க்க வேண்டியவரை இரண்டு மணி 25 நிமிடம் யாரும் பார்க்கவில்லை. அனுப்புகிறவர்களுக்கு அவர் போய்விட்டவர், ஏற்கிறவர்களுக்கு இன்னும் வராதவர்.

இரண்டாவது, ஆன்டிபயாடிக். 3.15க்குப் போட வேண்டியது 4.50க்குப் போனது, 95 நிமிடத் தாமதம். ஆறு மணி நேர இடைவெளியில் கால் பங்கைத் தாண்டிவிட்டது. செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) நோயாளிகளிடம் இரண்டாம் டோஸ் தாமதமாவதைப் பார்த்த, 2017இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, பெரிய தாமதம் என்று எடுத்துக்கொண்ட அளவு இதே கால் பங்குதான். அந்த ஆய்வில் 828 பேரில் மூவரில் ஒருவருக்கு அப்படி நடந்திருந்தது. மருந்தின் இடைவெளி குறையக் குறைய தாமதம் கூடியது. அவசரப் பிரிவில் படுக்கைக்குக் காத்துக் கிடந்தவர்களுக்கும் கூடியது. முதல் டோஸை ஒரு மணி நேரத்துக்குள் போடப் பலகை வைத்து விரட்டும் மருத்துவமனைகளில்கூட இரண்டாம் டோஸைக் கேட்க ஆள் இருப்பதில்லை.

என்ன செய்யலாம்

முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடலாம். 1.30 முதல் 2.30 வரை இடமாற்றமே கூடாது என்று தடை போடுவது எளிது, நர்ஸ்களும் வரவேற்பார்கள். போட்ட இடங்களில் 2.31க்கு ஐந்து ஸ்ட்ரெச்சர், இரண்டு வார்டு பாய், ஒரு லிஃப்ட் என்று நிற்கும். காத்திருப்பு ஒழியாது, மூட்டையாகக் கட்டி அடுத்த மணி நேரத்துக்குப் போகும். புது டியூட்டி சிஸ்டர்கள் ஒரே நேரத்தில் மூன்று பேரை ஏற்கும் அபாயமும் சேரும்.

பலன் தருவது, எல்லோரும் ஒரே மணிக்கு மாறாமல் பிரிப்பது. நர்ஸ் 2 மணிக்கு மாறட்டும். ஹவுஸ்கீப்பிங் 7 முதல் 3, வார்டு பாய் 7 முதல் 1 என்று வைத்தால், கட்டில் 1.25க்குக் காலியானபோது துடைக்க ஆள் இருப்பார். 2 மணிக்கு ஸ்ட்ரெச்சர் தள்ள வருகிறவர் ஒரு மணி நேரம் வேலையில் ஊன்றியவராக இருப்பார். இந்த நிகழ்வில் இது ஒன்றே 55 நிமிடத்தில் பெரும்பகுதியைச் சாப்பிட்டிருக்கும். கூடுதல் சம்பளச் செலவு இல்லை. எதிர்ப்பு வருவது வேனிலிருந்து: எல்லோரையும் ஒரே வேனில் ஏற்றி இறக்கத்தான் எல்லோருக்கும் ஒரே மணி வைத்தார்கள். ஒரு நாளைக்குச் சில டிரிப் கூடும். அந்த டீசல் செலவைக் காலியாகக் கிடக்கும் படுக்கையின் வாடகையோடு ஒப்பிட்டுக் காட்டினால் அக்கவுண்ட்ஸ் பிரிவே சம்மதிக்கும்.

அடுத்து, ஏற்கும் வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். நோயாளி வந்ததும் செய்ய வேண்டியவை ஐந்துதான்: கைப்பட்டையும் பெயரும் சரிபார்ப்பது, நாடி-மூச்சு-செறிவு-அழுத்தம், ஆக்ஸிஜன் ஓட்டமும் டிரிப்பும் ஓடுகிறதா, ஒவ்வாமை, அடுத்த மருந்து எத்தனை மணிக்கு. பத்து நிமிட வேலை. மற்ற படிவங்கள் அடுத்த டியூட்டிக்குப் போகலாம் என்று இன்சார்ஜ் சிஸ்டர் எழுத்தில் சொல்ல வேண்டும். ஷீட்டில் 'மீதி உள்ளது' என்று ஒரு கட்டமும் வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் மறுநாள் ஆடிட்டில் மாட்டுவது 1.40க்கு ஏற்றவர்தான், அது எல்லோருக்கும் தெரியும். அடுத்த முறை ஏற்க மாட்டார்.

மதிய டியூட்டியில் ஒருவரை 'முதல் வரவு' சிஸ்டராக வைக்கலாம். அன்று டிஸ்சார்ஜ் ஆகப்போகும், நிலையான நோயாளிகளை இவருக்கு ஒதுக்கினால் ஓவர் பத்து நிமிடத்தில் முடியும். 2.10க்குக் கை காலி. இதில் கெடுவது எங்கே என்றால், கை காலியாக இருப்பவரைக் கண்டதும் ரத்தம் எடுத்துவர, பார்மசிக்குப் போய்வர என்று அனுப்பிவிடுவார்கள். 2.10 முதல் 3 வரை அவர் வார்டை விட்டு நகரக்கூடாது என்பது விதியாக இருக்க வேண்டும்.

போன் ஓவரைப் பொறுத்தவரை, இன்னும் அரை மணியில் கிளம்புகிறவரிடம் சொல்வது சுவரிடம் சொல்வதற்குச் சமம். 1.30க்கு மேல் என்றால் ஒரு சீட்டில் எழுதி, வார்டின் வருகைப் பலகையில் படுக்கை எண்ணுக்கு எதிரே ஒட்டச் சொல்ல வேண்டும். சீட்டில் நான்கு வரி போதும்: இப்போது எப்படி இருக்கிறார், என்ன நோய், என்ன கவலை, என்ன செய்ய வேண்டும். ஓவர் நடக்கும்போது நோயாளி இல்லாத கட்டிலுக்கும் நின்று அந்தச் சீட்டைப் படிக்க வேண்டும். ஓவர் ஆள் இருக்கும் கட்டில்களுக்கு மட்டுமே நடப்பதால்தான் வரப்போகிறவர் விடுபட்டுப்போகிறார்.

நோயாளி வார்டில் சேர்ந்து, ஏற்ற சிஸ்டர் கையெழுத்திடும் வரை அவர் அனுப்புகிறவர்களின் பொறுப்பு. மணிக்கொரு குறிப்பும் அவர்களுடையது. மருந்துக்கும் ஒரே விதி: அடுத்த டோஸ் ஒரு மணி நேரத்துக்குள் என்றால் போட்டுவிட்டு அனுப்பு, இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் மருந்துக் குப்பியைக் கையில் கொடுத்து அனுப்பு. பில்லிங்கில் எந்தப் பிரிவுக் கணக்கு என்று கேள்வி வரும். அதற்கான இடமாற்றக் குறியீட்டை முன்பே மென்பொருளில் போட்டு வைக்காவிட்டால் இந்த விதி ஒரு வாரம் தாங்காது.

சிலிண்டர் விஷயம் சின்னது, ஆனால் தினமும் நிமிடங்களைத் தின்கிறது. ஸ்ட்ரெச்சரில் வைக்கும் பி-டைப் சிலிண்டர் நிரம்பியிருந்தால் முள் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோவில் நிற்கும், உள்ளே சுமார் 1,500 லிட்டர். அதாவது முள் காட்டும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் லிட்டர். 30 என்றால் 300 லிட்டர். நிமிடத்துக்கு 4 லிட்டர் போனால் 75 நிமிடம். இருபது நிமிடப் பயணத்துக்கு இரட்டிப்பாக வைத்தாலும் போதும், வேறு சிலிண்டர் தேடியது வீண். அதே சிலிண்டர் நிமிடத்துக்கு 15 லிட்டர் மாஸ்க்கில் இருப்பவருக்கு 20 நிமிடம்தான், அவரை அதோடு அனுப்பினால், கொஞ்சம் தாமதமானாலும் வழியிலேயே தீர்ந்துவிடும். இந்தக் கணக்கை 2, 4, 6, 10, 15 லிட்டருக்குப் போட்டு ஒரு அட்டையில் அச்சிட்டு சிலிண்டர் கழுத்தில் மாட்டினால் வார்டு பாயே முடிவு செய்வார். சிலிண்டரைத் திறக்கும் சாவியையும் அதே சங்கிலியில் கோத்துவிட வேண்டும். சாவியைத் தேடி அலைவது தனிக் கதை.

அளப்பது

கம்ப்யூட்டர் நேரத்தை நம்பி ஆரம்பிக்கக்கூடாது. அது வேலை நடந்த நேரம் அல்ல, பட்டனை அழுத்திய நேரம். கேஸ் ஷீட்டில் ஒரு துண்டுச் சீட்டு வைத்து, இரண்டு வாரத்துக்கு ஆறு நேரம் மட்டும் குறிக்கலாம்: அட்மிஷன் முடிவு, பழைய நோயாளி வெளியேறியது, சுத்தம் ஆரம்பம், சுத்தம் முடிவு, ஸ்ட்ரெச்சர் கிளம்பியது, வார்டில் ஏற்றது. எல்லாமே 0, 5இல் முடிந்தால் கடைசியில் ஒருவரே உட்கார்ந்து மொத்தமாக நிரப்பியிருக்கிறார் என்று அர்த்தம். அந்தச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம். சராசரியும் ஏமாற்றும். காலை 10 மணி இடமாற்றங்களோடு கலந்தால் 2 மணிப் பள்ளம் தெரியாது, எனவே மணிவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மாற்றம் வந்த பிறகு முதலில் கெடுவது 'சுத்தம் முடிவு' நேரம். அவசரம் காட்டினால் 25 நிமிடச் சுத்தம் 12 நிமிடமாகும். மெத்தையின் கீழ்ப்பக்கம், கம்பி, அழைப்பு மணி, சுவிட்ச் விட்டுப்போகும். கிருமிநாசினி லேபிளில் சொன்ன நேரம் ஈரமாக நிற்காமல் துடைத்து எடுக்கப்படும். தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் வாரத்துக்குச் சில கட்டிலையாவது சொல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும்.

இரவு 8 மணி மாற்றத்துக்கு இதையே அப்படியே நகல் எடுக்க முடியாது. அப்போது வார்டில் ஆளே பாதி. அந்த நேரத்தில் வரும் அழுத்தமும் வேறு: ஐ.சி.யூ.வுக்குப் புது ஆள் வருகிறார் என்பதற்காக, உள்ளே இருப்பவரில் தேறியவரை வார்டுக்கு இறக்குவது. பிரிட்டன் ஐ.சி.யூ.க்களில் இரவில் இறக்கப்பட்டவர்களிடம் இறப்பு அதிகமாக இருந்ததை 2000இலேயே லான்செட் இதழில் எழுதினார்கள். எனவே இரவுக்கு வேகம் இலக்கு அல்ல. மாலை 5 மணி ரவுண்டிலேயே 'இன்று தேவைப்பட்டால் இறக்கக்கூடியவர்' என்று இரண்டு பெயரைக் குறித்து, 7 மணிக்குள் இறக்கிவிட வேண்டும். 7ஐத் தாண்டினால், இறக்குவதா, புதியவரை அவசரப் பிரிவிலேயே ஐ.சி.யூ. நர்ஸோடு வைத்துக்கொள்வதா என்பதை ஐ.சி.யூ. சீனியர் டாக்டர் நேரில் பார்த்து முடிவு செய்ய வேண்டும். படுக்கை ஒதுக்கும் கவுண்டர் அதை முடிவு செய்யக்கூடாது.